ஈஸ்டர் வரை பிரிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் விடுமுறைத் திட்டம் போட உட்காருவதற்கு முன் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். சென்ற வாரம் மறந்துவிட்டோம். விளைவு, ஒரு பழத்தட்டு போயிற்று. என் நெற்றியில் ஒரு வீக்கம் வந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈஸ்டர் விடுமுறைக்கு நான் கேட்டது கிரீட் தீவில் நீச்சல்குளம் வைத்த ஓட்டல். என் மனைவி தெமெலினா கேட்டது அவள் பிறந்த தீவு. பதினைந்து வயது மகன் வாயோஸ் அம்மா கட்சி. பதினேழு வயது மகள் செவஸ்திக்கு எந்தத் தீவும் ஒன்றுதான், தனி அறை கிடைத்தால் போதும். அந்த வாக்கை அம்மா தனி அறை தருவதாகச் சொல்லி வாங்கிவிட்டாள். மூன்றுக்கு ஒன்று. பிரேயஸ் துறைமுக நகரில் பத்துத் தெருவுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற நான், என் வீட்டுச் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைத்ததில்லை.

தெமெலினாவின் தீவில் துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மலைகள். ஈஸ்டர் அன்று இந்த மலையில் ஆண்கள் நின்று வெடி வீசுவார்கள், அந்த மலை பதில் சொல்லும். பட்டாசு இல்லை. பாறை பிளக்கிற வெடி. திரியைக் கொளுத்திவிட்டுக் கையில் யார் அதிக நேரம் பிடிக்கிறானோ அவனே ஆண்பிள்ளை. அவளுடைய தம்பி மிக்கேஸ் பதினேழு வயதில் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டான். அவனை அள்ளித்தான் புதைத்தார்கள். அதற்கப்புறம் ஈஸ்டருக்கு அவள் அந்த மண்ணை மிதித்ததில்லை. அவளுடைய அண்ணன் சகெல்லாரிஸோடு பேச்சும் அநேகமாக நின்றுவிட்டது.

அந்த அண்ணன்தான் குளிர்காலக் கடைசியில் போன் செய்தான். "வா தங்கச்சி. பழசை விடு. இந்த ஈஸ்டருக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா."

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காதாம்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மலைகள் முழங்கும்போது வாயோஸ் அவள் பக்கத்தில், வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவன் சரி என்றான். சீக்கிரமாகவே சரி என்றான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஓட்டல் போன துக்கத்தில் இருந்தேன்.

இனி, குருத்தோலை ஞாயிறு.

அன்று வாயோஸுக்குப் பெயர்நாள்; குருத்தோலையிலிருந்து வந்த பெயர், எங்களுக்குப் பெயர்நாள் பிறந்தநாளைவிடப் பெரிது. என் அப்பாவின் பெயர் அது, எங்கள் தெசலிப் பக்கம் தெருவுக்கு இரண்டு வாயோஸ் தேறுவார்கள். மூன்று பேரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வந்திருந்தது சீஸ் ஆசை.

தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பால், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. தெமெலினா அதில் கறார். ஆனால் பால்கனி அலமாரியில், கப்பலில் வந்த ஒரு பெரிய சீஸ் டின் மூன்று வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சகெல்லாரிஸ் தன் மருமகன் பெயருக்கு அனுப்பியது. மூடியின் மேல் கறுப்பு மையில் கொட்டை எழுத்து: 'ஈஸ்டர் வரை பிரிக்கக் கூடாது.'

ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஸ்குரூ டிரைவரை நெம்பினேன். மூடி திறந்தது. உள்ளே பழைய செய்தித்தாள். அதற்குக் கீழே, குழந்தைகளைத் தூங்க வைத்த மாதிரி வரிசையாக, பழுப்புக் காகிதம் சுற்றிய குச்சிகள். ஒவ்வொன்றுக்கும் வால் மாதிரி ஒரு திரி.

பலூன் வெடித்தால் மேசைக்கடியில் போகிறவன் நான். செவஸ்தியின் முதல் பிறந்தநாளில் உண்மையாகவே போனேன், புகைப்படம் இருக்கிறது. அப்படிப்பட்டவன் அந்த டின்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, மூச்சு விடாமல் நடந்து, குளியல் தொட்டிக்குள் வைத்தேன். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு கழிவறை மூடிமேல் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெபத்தைப் பாதிவரை சொன்னேன். மீதி மறந்துவிட்டது.

யாரிடம் சொல்வது? தெமெலினாவிடம் சொன்னால் அவள் அண்ணனை இரண்டாவது முறையும் இழப்பாள். சொல்லாவிட்டால்? முடிவுக்கு வருவதற்குள் வாசலில் சிரிப்புச் சத்தம்.

அவர்கள் மூன்று பேராகப் போய் நாலு பேராக வந்தார்கள்.

"யாரு வந்திருக்காங்க பாரு தியோ!" தெமெலினாவின் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. "கப்பல்ல இருந்து இறங்கி நேரா கோயிலுக்கே வந்துட்டாங்க!"

பின்னால் சகெல்லாரிஸ். கதவளவு ஆள், இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மீதிக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தான். "மாப்ளே! மருமகன் பெயர்நாளுக்கு நான் வராம யாரு வருவா? அப்படியே உங்களைக் கையோட கூட்டிட்டும் போயிடலாம்னு வந்தேன்."

தெமெலினா உப்பு மீனைப் பொரிக்க ஆரம்பித்தாள். பூண்டு மசியல் வாசனை. மேசையில் விடுமுறைத் திட்டம் ஓடியது. யாருக்கு எந்த அறை, பெரிய வெள்ளியன்று இயேசுவின் சவ ஊர்வலத்துக்கு எந்தக் கோயில், ஆட்டுக்குள் என்ன அடைப்பது.

"வாயோஸ் என் ரூம்ல படுத்துக்கட்டும்" என்றான் சகெல்லாரிஸ். "அப்புறம் தங்கச்சி, அந்த சீஸ் டின்னு. பிரிக்காம அப்படியே எடுத்துட்டு வாங்க."

"தீவுல இருந்து வந்த சீஸை மறுபடி தீவுக்கா?" என்றாள் செவஸ்தி. எங்கள் வீட்டில் மூளை அவளுக்குத்தான் போயிருக்கிறது.

வாயோஸ் தட்டைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"மச்சான், கொஞ்சம் பால்கனிக்கு வாங்களேன். காத்து வாங்கலாம்."

கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

"அந்த சீஸ் எந்த ஆட்டோடது மச்சான்?"

"எங்க மலை ஆடு, மாப்ளே."

"அந்த ஆட்டுக்குத் திரி இருக்கே."

சகெல்லாரிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது பயமில்லை, அருவருப்பு. "தவக்காலத்துல சீஸ் டின்னைப் பிரிச்சியா? உனக்கு வெக்கமா இல்ல?"

"என் பையன் பேருக்கு வெடி அனுப்பியிருக்கியேடா!"

"கத்தாத. இந்த வருஷம் போலீஸ் வீடு வீடாப் பூந்து தேடறான். முன்னாடியே வெளியே அனுப்பிட்டோம். பொட்டி, சட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு ரெண்டு பிள்ளைங்கன்னு விடுமுறைக்கு வர்ற குடும்பத்தோட சீஸ் டின்னை எவன் திறந்து பாப்பான்? அதுவும் நோன்புல? உன்னை மாதிரி நாக்குச் செத்தவன் இருப்பான்னு நான் நினைக்கலையே."

"அதுக்குத்தான் அவளைக் கூப்பிட்டியா?"

அவன் துறைமுகப் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் அடித்தேன்.

வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை, எப்படி என்றும் தெரியாது. கட்டைவிரலை முஷ்டிக்குள் வைத்து அவன் தாடையில் குத்தினேன். கட்டைவிரல் கடக்கென்றது. அவன் அசையவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியால் என் மூக்கில் ஒரே இடி. உள்ளே பட்டாணி உடைகிற சத்தம் கேட்டது. வாயெல்லாம் ரத்தம். துணி உலர்த்தும் கம்பிமேல் விழுந்தேன், எழுந்தேன். அவன் தாடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். பூந்தொட்டி உருண்டது. அவன் என்னைத் தூக்கி வீசினான், நான் தாடியை விடவில்லை. இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைப் பிளந்துகொண்டு பெயர்நாள் மேசைமேல் போய் விழுந்தோம்.

கீழ்வீட்டு எவ்லம்பியா அம்மாள் துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடித்தாள். வழக்கமாக நாங்கள் நாற்காலி நகர்த்தினாலே இடிப்பாள்.

"என்னடா இது!" தெமெலினா கையில் மீன் கரண்டியோடு நின்றாள். "நல்ல நாளும் அதுவுமா!"

அவன் முழங்கால் என் விலாவில் இருந்தது. மூக்கடைத்த குரலில் கத்தினேன். "உன் அண்ணன் அனுப்பின சீஸைப் போய்ப் பாரு! தொட்டியில இருக்கு பாரு!"

போனாள். திரும்பி வந்தபோது டின்னின் மூடி மட்டும் கையில் இருந்தது.

"வாயோஸ். உனக்குத் தெரியுமா?"

"மாமா என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

அவள் கையிலிருந்து அறை அப்படி விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, வாங்கியவனும்தான். அவன் நாற்காலியோடு சாய்ந்தான். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"இதுக்குத்தான் போன் பண்ணியா?"

"தங்கச்சி, நீ வரணும்னும் தான்..."

"நான் உக்காந்து அழுதேன்டா. சந்தோஷத்துல அழுதேன்." மூடியை அவன் முகத்தில் விட்டெறிந்தாள். அவன் புருவம் கிழிந்தது. "யாரும் எங்கயும் போகலை. விடுமுறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய போ."

சகெல்லாரிஸ் ரத்தத்தைத் துடைத்தபடி எழுந்தான். போகிற ஆள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"வளத்துக்கோ. இவன் அப்பன மாதிரியே வளத்துக்கோ. பலூனுக்கு மேசைக்கடியில பூர்ற ஆம்பளையா வளத்துக்கோ."

வாயோஸ் என்னைப் பார்த்தான். மேசைத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே மேசைக்கடியில்தான் கிடந்தேன். அந்தப் பார்வை மூக்கைவிட வலித்தது.

குளியலறைப் பக்கம் ஓடினான். பிறகு வாசல் கதவு. பிறகு மாடிப்படியில் காலடி.

"ஒண்ணை எடுத்துட்டான்!" என்று கத்தினாள் செவஸ்தி.

மொட்டை மாடிக்கு நான் ஏறியபோது தெமெலினாவும் சகெல்லாரிஸும் முன்பே அங்கிருந்தார்கள். ஆன்டெனாக்களுக்கு நடுவில், பின்பக்கக் காலி மனையைப் பார்த்த கைப்பிடிச் சுவரோரம் வாயோஸ் நின்றான். வலது கையில் குச்சி. இடது கையில், நான் அடுப்புக்கு வைத்திருந்த லைட்டர்.

"நான் பயந்தாங்கொள்ளி இல்ல."

"இல்லடா கண்ணு. யாரும் சொல்லலை. கீழ வை."

கொளுத்திவிட்டான். அவனே எதிர்பார்க்காத மாதிரி திரி சீறிற்று. அந்தச் சீற்றத்தில் அவன் முகம் ஐந்து வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது. கை தூக்கியபடி நின்றது. எறிய மறந்துவிட்டான்.

"எறிடா!" என்றேன் நான். "எறி!" என்றாள் தெமெலினா.

எங்கள் இரண்டு பேர் குரலையும் அமுக்கிக்கொண்டு, நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து, சகெல்லாரிஸின் குரல் வந்தது.

"பிடி, மிக்கேஸ்! இன்னும் பிடி!"

பையன் பிடித்தான். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கட்டுப்படுவார்கள்.

தெமெலினா ஓடியதை நான் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தேன். மகனின் மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். நாய் கவ்வுகிற மாதிரி, எலும்பு வரைக்கும். அவன் அலறினான், விரல்கள் விரிந்தன, குச்சி சுவருக்கு அப்பால் விழுந்தது. அவனை இழுத்துத் தரையில் போட்டு மேலே விழுந்தாள். அவர்கள்மேல் நான் விழுந்தேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பயிற்சி உண்டு.

சத்தம் காதுக்கு வரவில்லை, பல்லுக்கு வந்தது. கட்டடம் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டது. பின்பக்க ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டின. மண்ணும் கல்லும் எங்கள்மேல் விழுந்தன. அவற்றோடு காலி மனையில் தானாக முளைத்திருந்த அத்திமரத்தின் ஒரு கிளையும்.

காது மெதுவாகத் திறந்தபோது தெமெலினா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் மகனின் ரத்தம். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

பிறகு தலை நிமிர்ந்தாள்.

"என்ன சொன்ன நீ?"

சகெல்லாரிஸ் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றான். கல் சிதறி அவன் கன்னம் பிளந்திருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மிக்கேஸ்னு சொன்ன. பிடின்னு சொன்ன."

"மலையில... எல்லாரும் கத்துவாங்க தெமெலினா."

"அன்னிக்கு யாரு கத்தினது?"

அவன் கீழே கிடந்த அத்திக் கிளையைப் பார்த்தான்.

"நான் வேணாம்னேன், அவன்தான் கேக்கலைன்னு அம்மாகிட்ட சொன்னியே. பொதைகுழி பக்கத்துல நின்னு சொன்னியே. அம்மா சாகற வரைக்கும் அந்தப் பிள்ளையத்தானே திட்டினா, சொன்னா கேக்காதவன்னு!"

"அவன் பயந்தான்" என்றான் சகெல்லாரிஸ். "எறியப் போனான். எதிர் மலைக்காரங்க பாத்துட்டு இருந்தாங்க. நான்..."

அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை. கோயிலுக்குப் போட்டுப்போன ஷூவைக் கழற்றினாள்.

நான் அவனோடு சண்டை போட்டேன் என்று எழுதினேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சண்டை என்றால் இது. குதிகாலால் அவன் தலையில், தோளில், பிளந்த கன்னத்தில், அந்த மூன்று விரல் கையில். ஒவ்வோர் அடிக்கும் தம்பியின் பெயர் சொன்னாள். கதவளவு ஆள் கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. முழங்காலில் இறங்கி, இன்னும் வசதியாக அடிக்கும்படி தலையைக் கொடுத்தான். ஷூவின் குதி பிய்ந்து பறந்தது. அப்புறம் நகத்தால் ஆரம்பித்தாள். வாயோஸ்தான், கடிபட்ட கையோடு, பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா போதும். அம்மா, நான் எங்கயும் போகலை. போதும்மா."

போலீஸ் வந்தபோது கீழே எவ்லம்பியா அம்மாள் வாசலை மறித்து நின்றாள். தலைமுடியில் கண்ணாடித் தூள். "பக்கத்துத் தெரு பசங்க. பட்டாசு. வருஷா வருஷம் இதே ரோதனை" என்று அவள் சொன்னது எனக்கு மேலே கேட்டது. இத்தனை வருடம் துடைப்பக்கட்டையால் எங்களைத் திட்டியவள்.

அப்படியும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்த போலீஸ்காரர் என் மூக்கைப் பார்த்தார். "இதுவும் பட்டாசா?"

"பெயர்நாள் சார்" என்றேன். "சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

அவருக்கும் சொந்தக்காரர்கள் இருந்திருக்க வேண்டும். புரிந்த மாதிரி தலையாட்டினார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம், எல்லா ஊரிலும் ஏதாவது வெடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு போனார். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யார் குளிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

செவஸ்தி கதவைத் திறந்தாள். முழங்கை வரை ஈரம். நாங்கள் மாடியில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தபோது அவள் தொட்டியை வழிய வழிய நிரப்பி, டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொரு குச்சியாகப் பிய்த்துக் கரைத்திருந்தாள். தண்ணீர் பழுப்பாக நின்றது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சகெல்லாரிஸ் எட்டிப் பார்த்தான். அவ்வளவு அடிக்கும் வராத பயம் அப்போது அவன் முகத்தில் வந்தது.

"என்ன பண்ணிட்ட பொண்ணே! அது என்னோடது இல்ல. எங்க மலையோட பங்கு மொத்தமும் அது. துறைமுகத்துல எனக்காக நிக்கப்போறது போலீஸ் இல்ல. எங்க ஆளுங்க."

நான் மெதுவாக, "கிரீட்ல ஓட்டல் இன்னும் காலியாத்தான் இருக்கும்" என்றேன். என்னை யாரும் அடிக்காதது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

தெமெலினா வாயோஸின் மணிக்கட்டில் அயோடின் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசையாகப் பல் தடம். அவன் முகம் சுளித்தாலும் கையை இழுக்கவில்லை.

"டிக்கெட் இருக்கட்டும்" என்றாள். "போறோம்."

"அம்மா?"

"ஈஸ்டர் அன்னிக்கு மலைக்கு நான் ஏறறேன். பொம்பளை ஏறக் கூடாதுன்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்." அண்ணனை அவள் பார்க்கவில்லை, பஞ்சைத்தான் பார்த்தாள். "இந்த அண்ணன் என் முன்னாடி நடப்பான். ரெண்டு மலையும் கேக்கற மாதிரி, அன்னிக்கு என்ன கத்தினானோ அதை மறுபடி கத்துவான். அதுக்கப்புறம் இவனை யாரு என்ன பண்ணாலும் சரி."

சகெல்லாரிஸ் தலை குனிந்தான்.

அன்று சாப்பாடு முழுக்க அவள் மகனின் வலது கையை விடவே இல்லை. அவன் இடது கையால் மீனைக் கிளறிக்கொண்டிருந்தான், பாதி கீழே சிந்தியது.

நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேலாக மடித்து வைத்திருந்தது என் நீச்சல் உடை. அதை வெளியே எடுத்துவிட்டு, அயோடின் பாட்டிலையும், வீட்டிலிருந்த மொத்தப் பஞ்சையும், தெமெலினாவின் இன்னொரு ஜோடி ஷூவையும் வைத்தேன்.